டவரைத் திட்டுமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிஷம் என் குரலைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகள், இன்னொரு பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் விழுப்புரத்தில் எங்கள் தெருவில் ஒரு மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். நாலு வீடு தள்ளி ஒரு மாடியில் செல்போன் டவர் வைக்கப் போகிறார்களாம். வைக்கக் கூடாது என்று திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதற்கான மனு அது. நான் கையெழுத்துப் போடவில்லை. மனுவைக் கொண்டுவந்த தம்பி யார் தெரியுமா? இரண்டு மாதம் முன்பு தெரு வாட்ஸ்அப் குழுவில், "நம்ம தெருவுல எந்த நெட்வொர்க்கும் எடுக்க மாட்டேங்குது, எல்லாரும் சேர்ந்து கம்ப்ளெயின்ட் பண்ணணும்" என்று எழுதியவர். அதற்குக் கைதட்டல் படம் போட்ட அதே இருபது பேர்தான் இந்த மனுவிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டவர் தெருவில் இருக்கக் கூடாது, சிக்னல் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்!

"ஏன் டீச்சர், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று முகம் சுருங்கிப் போய்விட்டார். வாசலில் வைத்து விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இது அவருக்கு மட்டுமான பதில் இல்லை. புது வீடு கட்டிக்கொண்டிருக்கும், கட்டப்போகும் என் பிள்ளைகள் எல்லாருக்கும்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. நம்மில் பலருக்கு வீட்டுக்குள் சிக்னல் இல்லாததற்கு முதல் காரணம் டவரும் இல்லை, கம்பெனியும் இல்லை. லட்சம் லட்சமாகச் செலவு செய்து நாமே எழுப்பிய சுவர்தான்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். திண்டிவனத்தில் இருக்கிறார், வயது 74. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மகன் புது வீடு கட்டிக் கொடுத்தான். அவன் வேலை துபாயில். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "பங்களா மாதிரி இருக்கு" என்றார்கள். இருந்தது உண்மைதான். போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, பின்பக்கப் படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் அக்கா வழுக்கி விழுந்துவிட்டார். போன் கையிலேயே இருந்தது. 108-க்கு அடித்தார், போகவில்லை. எனக்கு அடித்தார், போகவில்லை. பக்கத்து வீட்டுக்கு அடித்தார், அதுவும் போகவில்லை. திரையில் ஒரு கோடு வரும், உடனே மறைந்துவிடும். ஆறு மணிக்குப் பால் ஊற்ற வந்த பெண் குரல் கேட்டு ஓடிவந்தாள். ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

மகன் அங்கிருந்து போனில் கத்தினான். "இந்தக் கம்பெனியே மோசம் சித்தி, நம்பரை மாத்திடலாம்" என்றான். நான் அவர்கள் வீட்டு வராந்தாவில் நின்றுதான் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். நாலு கோடும் முழுசாக இருந்தது. குரல் பளிச்சென்று கேட்டது. அக்கா விழுந்து கிடந்த இடம் அங்கிருந்து முப்பது அடி.

அன்றைக்கே என் பேரனை விட்டு அளக்கச் சொன்னேன். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய், 'அபவுட் போன்' என்பதில் 'சிம் ஸ்டேட்டஸ்' பார்த்தால் சிக்னல் வலிமை எண்ணாகத் தெரியும். மைனஸில் இருக்கும். மைனஸுக்குப் பின்னால் இருக்கும் எண் பெரிதாக ஆக, சிக்னல் குறைவு. வராந்தாவில் மைனஸ் 86. ஹாலில் மைனஸ் 97. படுக்கையறையில் மைனஸ் 108. குளியலறையில் மைனஸ் 119.

86-க்கும் 119-க்கும் 33தானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். இது டெசிபல் கணக்கு. 3 குறைந்தால் பாதி போய்விட்டது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 20 என்றால் நூறில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 33 என்றால் இரண்டாயிரத்தில் ஒன்று. வராந்தாவுக்கு வந்த இரண்டாயிரம் ரூபாயில் குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு ரூபாய். நடுவில் எடுத்துக்கொண்டது யார்? மூன்று சுவர், ஒரு இரும்பு பீரோ, ஒரு கண்ணாடி. கம்பெனி எடுக்கவில்லை.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். தடையில்லாத வெட்டவெளியில் டவரிலிருந்து பத்து மடங்கு தூரம் தள்ளிப் போனால் 20 டெசிபல் குறையும். வீட்டுக்குள் 20 டெசிபல் தின்னும் சுவர்கள் இருந்தால், அடுத்த தெருவில் நிற்கும் டவரை அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததற்குச் சமம்.

என்னிடம் படித்தவர்களுக்கு பிஸ்கட் டின் பரிசோதனை ஞாபகம் இருக்கும். டிரான்சிஸ்டரில் சென்னை வானொலி பாடிக்கொண்டிருக்கும். அதை அப்படியே மண் பானைக்குள் இறக்கி மூடியைப் போடுவேன், பாட்டு நிற்காது. பிறகு பெரிய தகர பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடுவேன். கப்சிப். மூடியைத் திறந்தால் மறுபடி பாட்டு. "டீச்சர், டின்னு பாட்டைத் தின்னுடுச்சு" என்று ஒரு பையன் கத்தினான். நான் டிகிரி படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியைதான். ஆனால் அந்தப் பையன் சொன்னதைவிடச் சுருக்கமாக இந்தப் பாடத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மண், மரம், ஓடு, சாதாரணக் கண்ணாடி இவை ரேடியோ அலையைக் கொஞ்சம் குறைத்தாலும் உள்ளே விடும். இரும்பு, தகரம், அலுமினியம் இவை திருப்பி அடிக்கும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சுவர் இதில் எந்தப் பக்கம் சேரும் என்பது நாம் அதில் என்ன போட்டுக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

அலையின் நீளமும் முக்கியம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 400 மீட்டருக்கு மேல். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலை 33 சென்டிமீட்டர், ஒரு ஸ்கேல் அளவு. 5ஜி-க்குப் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை 9 சென்டிமீட்டர்கூட இல்லை. வேகமும் வசதியும் கூடக்கூட அலை குட்டையாகிக்கொண்டே போகிறது. அலை குட்டையாக ஆக, கான்கிரீட் அதை அதிகமாகத் தின்கிறது.

உலகம் முழுக்கச் செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி என்ற அமைப்பு, சுவர்களால் எவ்வளவு இழப்பு என்று கணக்கிட வாய்ப்பாடு கொடுத்திருக்கிறது. அதன்படி ஒரு கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஏழில் ஒரு பங்காகக் குறையும். 3500 மெகாஹெர்ட்ஸ் அலையோ எண்பதில் ஒரு பங்காகிவிடும். அதே அலை சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டினால் பாதிதான் போகும். வெயிலைத் திருப்பி அடிக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி என்றால் இருநூற்றைம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். கான்கிரீட் சுவரைவிடக் கண்ணாடி மோசம்! "வெளிச்சம் வருதே, சிக்னல் ஏன் வராது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வெயிலுக்காக நம் ஊரில் ஜன்னலில் ஒட்டும் சில்வர் பிலிமும் உலோகப் பூச்சு உள்ளதுதான். கடைகளின் முகப்பில் அழகுக்கு அடிக்கும் ஏசிபி ஷீட்டின் இரு பக்கமும் அலுமினியத் தகடு. என் பிஸ்கட் டின்னுக்கு எலிவேஷன் என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

செங்கல் கான்கிரீட்டைவிட இரக்கம் உள்ளது. ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மூன்றை வரிசையாக வைத்தால் அந்த இரக்கமும் தீர்ந்துவிடும். சுவர் ஈரமானால் இன்னும் மோசம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் ஊறிய சுவர், காய்ந்த சுவரைவிட அதிகம் விழுங்கும். உதவி அதிகம் தேவைப்படும் நாளில்தான் சுவரும் அதிகம் விழுங்குகிறது.

"அலை சுவரைத் துளைக்காதா டீச்சர்? போஸ் செய்து காட்டினாரே?" என்று என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். பாடம் மறக்காத பிள்ளை! உண்மைதான். ஜகதீஷ் சந்திர போஸ் 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, அந்தப் பக்கம் மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். ஆனால் அவர் அனுப்பிய இடமும் வாங்கிய இடமும் பக்கத்துப் பக்கத்தில், சுமார் 75 அடிக்குள். அலை சுவரைத் தாண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. தாண்டிய பிறகு எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. அனுப்பும் இடம் பக்கத்தில் இருந்தால் மிச்சமும் அதிகம். டவர் பக்கத்தில் வேண்டும் என்று நான் சொல்வதற்கும் காரணம் அதுதான்.

இப்போது டவர் மனுவுக்கு வருகிறேன்.

"கதிர்வீச்சு, கேன்சர்" என்று மனுவில் இருந்தது. பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்குப் பயம் வரும். ஆனால் பயத்துக்கும் கணக்கு உண்டு. டவர்களுக்கு சர்வதேச அமைப்பு விதித்த வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் இந்தியாவில் அனுமதி. 2012 செப்டம்பர் 1 முதல் இதுதான் விதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை 'ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற பட்டியலில் வைத்தது உண்மை. ஆனால் அதற்கு அவர்கள் முக்கியமாகப் பார்த்தது, காதோடு செல்போனை வைத்துப் பேசுகிறவர்களை. தெருக்கோடி டவரை வைத்து அந்த முடிவுக்கு வரவில்லை.

காதில் இருக்கும் போன் என்ன செய்கிறது தெரியுமா? டவர் பக்கத்தில் இருந்தால் அது மெதுவாகப் பேசும். டவர் தூரத்தில் இருந்தால், அல்லது நடுவில் சுவர் இருந்தால், தன் முழுச் சக்தியையும் போட்டுக் கத்தும். 4ஜி போனுக்கு அந்த உச்சம் சுமார் 0.2 வாட். வீட்டுக்குள் பேசினால் போன் சுடுகிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்கிறீர்களே, அதற்கு இந்தக் கத்தலும் ஒரு காரணம். டவரை ஊருக்கு வெளியே துரத்தினால் கதிர்வீச்சு போய்விடும் என்று நினைத்து மனு எழுதுகிறீர்கள். அந்த மனு நிறைவேறினால் உங்கள் காதை ஒட்டிய போன்தான் இன்னும் பலமாக அனுப்பும்.

சிட்டுக்குருவி அழிந்ததற்கு டவர்தான் காரணம் என்று ஒருவர் எழுதியிருந்தார். குருவி கூடு கட்டிய ஓட்டுச் சரிவையும் சுவர்ப் பொந்தையும் இடித்துவிட்டு வழவழவென்று பெட்டி வீடு கட்டியது யார்? அதிலும் முதலில் சுவரைப் பார்த்துவிட்டு டவரிடம் போவோம்.

கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களும் சொக்கத் தங்கம் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் வயல் நடுவே நின்றாலும் கோடு வராத கிராமங்களில் நானே வேலை பார்த்திருக்கிறேன். யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். வாசலுக்கு வெளியே, திறந்த இடத்தில் நின்று நான் சொன்ன எண்ணைப் பாருங்கள். வெளியேயும் மைனஸ் 110-க்கு மேல் காட்டினால் கம்பெனி மேல் தப்பு. புகார் கொடுங்கள், விடாதீர்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். வெளியே நன்றாக இருந்து உள்ளே விழுந்துவிட்டால் தப்பு சுவர் மேல். அதற்குக் கம்பெனியை மாற்றினாலும் பெரும்பாலும் அதே கதைதான். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நம்பரை 'போர்ட்' செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இணையத்தில் 'சிக்னல் பூஸ்டர்' வாங்கி மாட்டலாம் என்று அடுத்த யோசனை வரும். தனியார் அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டில் இரண்டு கோடு கூடும், தெருவுக்கே இரைச்சல் கிளம்பும். வேண்டாம்.

அப்படியானால் என்னதான் செய்வது?

கட்டி முடித்தவர்களுக்கு: வீட்டில் வைஃபை இருந்தால் போனில் 'வைஃபை காலிங்' என்பதை இன்றைக்கே போட்டு வையுங்கள். 2019 கடைசியிலிருந்தே நம் நாட்டில் இந்த வசதி இருக்கிறது. தனிக் கட்டணம் இல்லை. டவர் சிக்னல் துளிகூட இல்லாத அறையிலிருந்தும் சாதாரண நம்பருக்குப் பேசலாம். ஆனால் வைஃபை பெட்டியை டிவி பின்னாலும் பீரோ இடுக்கிலும் ஒளித்து வைக்காதீர்கள். அதுவும் குட்டி டவர்தான், அதற்கும் சுவர் உண்டு. வீட்டு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை நன்றாகத் தாண்டும். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், அதனால் அந்தப் பெட்டியை இன்வெர்ட்டரில் இணையுங்கள்.

கட்டப்போகிறவர்களுக்கு: கரண்ட் ஒயருக்குச் சுவருக்குள் பைப் புதைக்கிறீர்கள். கூடவே ஒவ்வொரு அறைக்கும் நெட் கேபிளுக்கென்று ஒரு காலி பைப் புதையுங்கள். மொத்தச் செலவில் அது ஒரு விருந்துச் செலவுகூட ஆகாது. பின்னால் உடைத்துப் போடுவதென்றால் எவ்வளவு என்று மேஸ்திரியைக் கேளுங்கள். பெரியவர்கள் படுக்கும் அறையை வீட்டின் ஆழத்தில் வைக்காதீர்கள். வெளிச்சுவரில் ஒரு நல்ல ஜன்னலாவது இருக்கட்டும், சாதாரணக் கண்ணாடியோடு. கட்டடங்களுக்குள் தொடர்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நட்சத்திரக் குறியீடு கொடுக்க டிராய் 2024-ல் விதிமுறையே கொண்டுவந்துவிட்டது. பிளாட் வாங்கும் பிள்ளைகள் கார் பார்க்கிங், லிஃப்ட் என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள். மழைநீர்த் தொட்டியையும் 2003-ல் சட்டம் வந்த பிறகுதானே கட்டினோம்? இதற்கும் சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

எல்லாருக்கும்: இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா அம்மா வீட்டில் ஒவ்வொரு அறையிலும், முக்கியமாகக் குளியலறையில், போனை வைத்து எண்ணைப் பாருங்கள். எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். 112 என்ற அவசர எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் அதன் வழியாகப் போவதற்குத்தான் அந்த எண்.

பழைய வீட்டைப் புகழ்ந்து பாட்டுப் பாடவில்லை நான். அக்காவின் ஓட்டு வீடு மழைக்கு ஒழுகியது, தேள் வந்தது. ஆனால் அங்கே 04147 என்று தொடங்கும் ஒரு லேண்ட்லைன் இருந்தது. கம்பி வழியாக வருவதால் அதற்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. புது வீட்டுக்குப் போகும்போது "செல்போன் இருக்கே, இது எதுக்கு?" என்று அதைச் சரண்டர் செய்தார்கள்.

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அக்கா வீட்டுப் பிளானில் பின்பக்கப் படுக்கையறைக்கு நாலடி ஜன்னல் ஒன்று இருந்தது. "பின்னாடி காலி மனை, திருடன் பயம், ஏசி போடுற ரூமுக்கு இவ்வளவு பெரிய ஜன்னல் எதுக்கு?" என்று சொல்லி அதை அடைக்க வைத்தது நான். மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் போதும், அதற்கும் சில்வர் பிலிம் ஒட்டுங்கள் என்று சொன்னதும் நான்தான். பிஸ்கட் டின்னுக்குள் டிரான்சிஸ்டரை வைத்து ஊமையாக்கிக் காட்டிய அதே டீச்சர், தன் கூடப் பிறந்த அக்காவை டின்னுக்குள் வைத்து மூடச் சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியும், அதை என் வீட்டு வாசலுக்குள் கொண்டுவரத் தெரியவில்லை எனக்கு.

அக்கா இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதம் அந்த மேஸ்திரியையே கூப்பிட்டு, அடைத்த இடத்தை உடைத்து ஜன்னல் வைத்தோம். கம்பி போட்டு, சாதாரணக் கண்ணாடி போட்டு. பீரோவை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். வைஃபை பெட்டி இப்போது ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில், கதவுக்கு மேலே இருக்கிறது. குளியலறையிலிருந்து அக்கா எனக்கு ஒரு கால் போட்டார். "கேக்குதாடி?" என்றார். கேட்டது.

டவர் மனு கொண்டுவந்த தம்பிக்கு: கோபம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபிக்கு வாருங்கள். முதலில் உங்கள் வீட்டை அளப்போம், பிறகு மனுவைப் பற்றிப் பேசலாம்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் வாசலில் எத்தனை, குளியலறையில் எத்தனை என்று கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம். நானே பார்த்துத் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்